அஜ்மான்: தீயணைப்பு வண்டிக்குப் பணம் தருவது யார்?

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி மாலை, அஜ்மானின் புதிய தொழிற்பேட்டைப் பகுதியில் உள்ள சந்தை ஒன்று தீப்பற்றி எரிந்தது. பெய்ரூட் துறைமுகத்தைத் தரைமட்டமாக்கிய வெடிப்பு நிகழ்ந்ததற்கு மறுநாள் அது. கரும்புகை எழும் காட்சிகள் கைபேசிகள் வழியாக உலகெங்கும் பரவின. கொரோனா கட்டுப்பாடுகளால் அந்தச் சந்தை பல மாதங்களாக மூடிக் கிடந்ததால் உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. அஜ்மான் தீயணைப்புப் படையினருக்கு உதவியாக அண்டை எமிரேட்டுகளிலிருந்தும் வண்டிகள் விரைந்தன; சில மணி நேரத்தில் தீ கட்டுக்குள் வந்தது.

அன்று தீயை அணைத்த குடிமைப் பாதுகாப்புத் துறை அஜ்மான் அரசுக்குச் சொந்தமானதல்ல. அது அபுதாபியில் தலைமையகம் கொண்ட மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கியது. ஆனால் சந்தைக் கடைகளுக்கும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் வணிக உரிமம் தருவது அஜ்மான் அரசு. உரிமக் கட்டணம் ஓர் அரசின் கருவூலத்துக்குப் போகிறது, தீயணைப்புச் செலவு வேறோர் அரசின் கணக்கில் விழுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் சிறிய எமிரேட்டுகள் எப்படி நடத்தப்படுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவினையைப் பார்ப்பது அவசியம். அந்த எமிரேட்டுகளில் வசிக்கும் பல்லாயிரம் தமிழர்களின் அன்றாடப் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

எண்ணெய் இல்லாத எமிரேட்

1971ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி உருவான இந்தக் கூட்டாட்சியின் ஏழு உறுப்புகளில் பரப்பளவில் மிகச் சிறியது அஜ்மான். ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர். ஷார்ஜாவால் சூழப்பட்ட ஒரு கடலோர நகரம், உள்நாட்டில் மனாமா, மஸ்ஃபூத் என்ற இரண்டு தனித் துண்டுகள், அவ்வளவுதான். 2017இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. துபாயிலும் ஷார்ஜாவிலும் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை குறைவு என்பதற்காக அஜ்மானில் குடியிருப்போர் ஏராளம்.

அமீரக அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு இயற்கை வளங்களை அந்தந்த எமிரேட்டின் பொதுச் சொத்து என்கிறது. எனவே அபுதாபியின் எண்ணெய் அபுதாபிக்கே உரியது. 127ஆவது பிரிவு, எல்லா எமிரேட்டுகளும் தங்கள் வருவாயில் ஒரு பங்கை மத்திய நிதிநிலை அறிக்கைக்குத் தரவேண்டும் என்று கூறுகிறது. எவ்வளவு பங்கு என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. ஆண்டுதோறும் இயற்றப்படும் நிதிநிலைச் சட்டத்திடம் அதை விட்டுவிட்டது. நடைமுறையில் பணம் கொடுத்தவை பிரதானமாக அபுதாபியும் அதற்கு அடுத்தபடியாகத் துபாயும்தான். எஞ்சிய ஐந்தும் பெறுபவையாகவே இருந்து வந்துள்ளன.

இந்தியாவுடன் ஒப்பிட்டால் வேறுபாடு துலக்கமாகத் தெரியும். இந்தியாவில் மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கை நிதி ஆணையம் நிர்ணயிக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதி ஆணையம் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். இது போதாது, கொடுப்பது அதிகம் பெறுவது குறைவு என்று சென்னை சண்டையிட முடிகிறது. ஏனெனில் சண்டையிடுவதற்கு ஒரு விகிதம் இருக்கிறது. அஜ்மானுக்கு அப்படி எந்த விகிதமும் இல்லை. அதற்குக் கிடைப்பது மத்திய அமைச்சகங்களின் செலவும், அபுதாபி ஆட்சியாளரான அதிபரின் பெயரால் அறிவிக்கப்படும் திட்டங்களும். அஜ்மானில் உள்ள பெரிய மருத்துவமனை வளாகம் காலஞ்சென்ற அதிபர் ஷேக் கலீஃபாவின் பெயரைத் தாங்கி நிற்பது இந்த உறவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

விரும்பிக் கொடுத்த காவல்துறை

காவல்துறை அதிகாரம் என்பது இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு நன்கு பழகிய விவகாரம். 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்கு அந்த அதிகாரத்தை எழுத்தில் தந்தது. கொழும்பு அதை இன்றுவரை நடைமுறைப்படுத்தவில்லை. அமீரகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. உள்ளூர்க் காவலை முழுவதுமாக மத்திய அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சிறிய எமிரேட்டுகளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவை தங்கள் காவல்படைகளை மத்திய உள்துறை அமைச்சகத்துடன் இணைத்ததற்கு வலுவான காரணம் பணம்தான். சம்பளத்தையும் வாகனங்களையும் தடயவியல் கூடங்களையும் வேறொருவர் ஏற்றுக்கொள்கிறார் என்றால் அதை மறுக்கும் வசதி அஜ்மானுக்கு இருக்கவில்லை. வசதி இருந்த துபாய், தன் காவல்துறையைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டது. சுயாட்சி என்பது சட்டப் பிரிவில் இருப்பதைவிடக் கருவூலத்தில்தான் அதிகம் இருக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்த ஏற்பாட்டால் அஜ்மான் மக்களுக்குக் கிடைத்த பயன் மறுக்க முடியாதது. 2014 முதல் அஜ்மான் உள்ளிட்ட வட எமிரேட்டுகளில் 998 என்ற எண்ணுக்கு அழைத்தால் தேசிய ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் வண்டி வருகிறது. அதுவும் மத்திய ஏற்பாடே. ஓர் உள்ளூர் அரசு தனியாக இதை நடத்தியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

மின்சாரம் சொன்ன கதை

ஆனால் மத்தியப் பணம் தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் அஜ்மான் கண்டிருக்கிறது. அரசியல் சட்டத்தின் 120ஆவது பிரிவு மின்சார சேவையை மத்திய அரசின் பொறுப்பாக வைத்துள்ளது. அபுதாபி, துபாய், ஷார்ஜா ஆகியவை தங்களுக்கெனத் தனி மின்வாரியங்களை நடத்துகின்றன. அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, புஜைரா ஆகிய நான்கும் 1999இல் அமைக்கப்பட்ட மத்திய மின்சார, நீர் ஆணையத்தை நம்பியிருந்தன. அந்த ஆணையம் இப்போது எத்திஹாத் நீர், மின்சார நிறுவனம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ளது.

2000களின் நடுப்பகுதியில் அஜ்மானில் கட்டுமானம் வேகமெடுத்தது. வெளிநாட்டவர் வீடு வாங்கலாம் என்ற அறிவிப்புகளை நம்பிக் கோபுரங்கள் எழுந்தன. அனுமதி கொடுத்தது உள்ளூர் அரசு. மின்சாரம் கொடுக்க வேண்டியது மத்திய ஆணையம். இரண்டுக்கும் இடையே ஒரே கணக்கு இருக்கவில்லை. முடிந்த கட்டடங்கள் இணைப்புக்காகக் காத்திருந்தன. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் டீசல் ஜெனரேட்டர்களில் ஓடின. ஜெனரேட்டரில் உற்பத்தி செய்யும் ஆலையின் செலவு போட்டியாளரின் செலவைவிடக் கூடுதலாகவே இருக்கும். அது முதலாளியின் பிரச்சனை என்று விட்டுவிடலாம். மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் டீசலைத் தேக்கி வைத்து, இரவு பகலாக இயந்திரம் ஓட்டுவது பாதுகாப்புப் பிரச்சனை. ஐம்பது பாகை வெப்பத்தைத் தொடும் கோடையில் குளிர்சாதனம் நின்றுபோகும் தொழிலாளர் விடுதியும் அவ்வாறே. தொழில் வளர்ச்சியும் பொதுப் பாதுகாப்பும் இருவேறு துறைகளாக அமைச்சரவையில் பிரிந்திருந்தாலும், அஜ்மானின் தொழிற்பேட்டையில் அவை ஒரே கம்பியில் தொங்கின.

தீர்வு 2011ஆம் ஆண்டு மார்ச்சில் வந்தது. வட எமிரேட்டுகளின் மின்சார, நீர் வசதிகளுக்காக 570 கோடி திர்ஹாம் ஒதுக்கும்படி அதிபர் ஷேக் கலீஃபா உத்தரவிட்டார். அரபு நாடுகள் பலவற்றில் மக்கள் வீதிக்கு வந்திருந்த மாதங்கள் அவை. இந்த ஒதுக்கீட்டுக்கும் அந்தச் சூழலுக்கும் தொடர்புண்டு என்று அப்போதே பேசப்பட்டது. தொடர்பு இருந்ததோ இல்லையோ, அஜ்மானின் மின்பற்றாக்குறை பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். பணம் வந்த நேரத்தைத் தீர்மானித்தது அபுதாபி.

தொழிலுக்கு வந்த மத்திய அரசு

தொழில் வளர்ச்சி அரசியல் சட்டத்தில் மத்திய அரசுக்கென ஒதுக்கப்பட்ட அதிகாரங்களில் இல்லை. பட்டியலில் இல்லாதவை 122ஆவது பிரிவின்படி எமிரேட்டுகளுக்கு உரியவை. 1979ஆம் ஆண்டிலேயே மத்திய தொழிற்சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தாலும், அஜ்மான் தன் வழியைத் தானே தேடிக்கொண்டது. கப்பல் பழுதுபார்க்கும் தளம், 1988இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம், இந்தியா, இலங்கை, வங்கதேசத் தொழிலாளர்கள் தைத்த ஆயத்த ஆடைகள் ஆகியவை அந்தக் காலத்தின் அடையாளங்கள். ஆடைத் தொழில் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளின் கோட்டா முறையின் நிழலில் வளர்ந்தது. 2005 ஜனவரி 1ஆம் தேதி அந்தக் கோட்டா முறை முடிவுக்கு வந்ததும் வட எமிரேட்டுகளின் ஆடைத் தொழிற்சாலைகள் தளர்ந்தன. மத்திய அரசு வேடிக்கை பார்த்தது என்பது கடுமையான சொல். ஆலைகளைக் காப்பது தன் வேலை என்று அது அன்று கருதவில்லை என்பதே பொருத்தம்.

அந்த மனப்பான்மை 2020க்குப் பிறகு மாறியிருக்கிறது. அவ்வாண்டு ஜூலையில் தொழில், உயர் தொழில்நுட்ப அமைச்சகம் அமைக்கப்பட்டது. நாட்டு வருமானத்தில் தொழில்துறையின் பங்களிப்பை 13,300 கோடி திர்ஹாமிலிருந்து 2031க்குள் 30,000 கோடியாக உயர்த்தும் திட்டம் 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. எமிரேட்ஸ் வளர்ச்சி வங்கி ஐந்தாண்டுகளில் 3,000 கோடி திர்ஹாம் நிதி வழங்கி 13,500 நிறுவனங்களுக்கு உதவும் என்றும் கூறப்பட்டது. அஜ்மான் போன்ற இடங்களில் உள்ள சிறு, நடுத்தர ஆலைகளுக்கு இத்தகைய பெரிய அறிவிப்புகளைவிட முக்கியமாக இருந்திருக்கக்கூடியது, 2019இல் மத்திய அமைச்சரவை எடுத்த ஒரு சிறிய முடிவு: மத்திய ஆணையத்திடம் மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைகளுக்குக் கட்டணத்தைக் குறைப்பது, புதிய ஆலைகளுக்கு இணைப்புக் கட்டணத்தை நீக்குவது.

இருந்தாலும் அளவை மறந்துவிடலாகாது. 2025ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கை 7,150 கோடி திர்ஹாம். அதில் உள்கட்டமைப்புக்கும் பொருளாதார விவகாரங்களுக்கும் ஒதுக்கப்பட்டது 258 கோடி, அதாவது 3.6 சதவீதம். சமூக நலமும் ஓய்வூதியமும் 39 சதவீதத்தையும், அரசு விவகாரங்கள் 35.7 சதவீதத்தையும் பெற்றன. 2026க்கான மொத்த ஒதுக்கீடு 9,240 கோடியாக உயர்ந்துள்ளது. அமீரகத்தின் பெரும்பணம் இன்னும் எமிரேட்டுகளின் தனிக் கணக்குகளில்தான் இருக்கிறது. சொந்தக் கணக்கு பெரிதாக இல்லாத அஜ்மானுக்கு மத்திய நிதிநிலை அறிக்கையின் ஒவ்வொரு வரியும் கனமானது.

இப்போது பணம் தருபவர்கள்

இந்தப் படத்தில் 2018 ஜனவரி 1ஆம் தேதி ஒரு புதிய கோடு சேர்ந்தது. அன்று ஐந்து சதவீத மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. வருவாயில் 70 சதவீதம் உள்ளூர் அரசுகளுக்கும் 30 சதவீதம் மத்திய அரசுக்கும் என்று பங்கிடப்பட்டது. அமீரகத்தின் நிதி உறவில் பரவலாக அறியப்பட்ட ஒரு விகிதம் தோன்றியது இதனால்தான். 2023 ஜூன் முதல், 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட வணிக லாபத்துக்கு ஒன்பது சதவீத வரியும் வந்துவிட்டது. நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யும் சுதந்திர வலய நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு.

ஆக, அஜ்மானில் ஓர் இராமநாதபுரத்துக்காரரோ மட்டக்களப்புக்காரரோ கடையில் எண்ணெயும் சோப்பும் வாங்கும்போது, தன்னைக் காக்கும் காவல்துறைக்கும் தீயணைப்புப் படைக்கும் அவரும் ஒரு சிறு பங்கு செலுத்துகிறார். எண்ணெய்ப் பணத்தில் கிடைத்த கொடை என்று முன்பு கருதப்பட்டது, ஓரளவுக்கேனும் அவருடைய சொந்தப் பணமாகியிருக்கிறது. அதைக் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. 40 இடங்கள் கொண்ட மத்திய தேசிய கவுன்சிலில் அபுதாபிக்கும் துபாய்க்கும் தலா எட்டு, அஜ்மானுக்கு நான்கு. அவற்றில் பாதியைத் தேர்ந்தெடுப்போர் குடிமக்கள் மட்டுமே. ஆட்சியாளர்கள் அமரும் உச்ச கவுன்சிலில் முக்கிய முடிவுகளுக்கு ஐந்து வாக்குகள் தேவை. அந்த ஐந்தில் அபுதாபியும் துபாயும் கட்டாயம் இருந்தாக வேண்டும்.

2016ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி இரவு அஜ்மான் ஒன் என்ற குடியிருப்பு வளாகத்தின் கோபுரங்களில் தீ சுவர் வழியே ஏறியது. 2023 ஜூனில் அதே வளாகத்தில் மீண்டும் ஒரு கோபுரம் எரிந்தது. எளிதில் தீப்பிடிக்கும் வெளிச்சுவர்ப் பலகைகளுக்கு எதிரான மத்திய விதிகள் 2012இலேயே வந்துவிட்டன; 2017இல் அவை மேலும் இறுக்கப்பட்டன. அவ்விதிகள் குறிவைத்தவை புதிய கட்டடங்களை. பழைய கட்டடங்களின் பலகைகளை மாற்றுவது உரிமையாளர்களின் செலவு. அங்கே படுக்கை இடத்துக்கு வாடகை கொடுத்துத் தங்கும் தொழிலாளி, தன் கோபுரம் 2012க்கு முன்பு கட்டப்பட்டதா பின்பா என்று விசாரித்துவிட்டு இடம் பிடிப்பதில்லை. வாடகை எவ்வளவு, துபாய்க்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைத்தான் அவர் கேட்கிறார்.