கேட்டுவிட்டு எடுக்கலாமே!

பேப்பரில் வருகிற படங்களை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. எரிமலை, பனிக்கரடி, முகத்தில் சாயம் பூசிய ஆப்பிரிக்கப் பழங்குடிகள், வெள்ளத்தில் கூரை மேல் ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி... பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு உலகத்தைக் காட்டியதே அந்த நோட்டுதான். அதனால் போட்டோ எடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் 2023 டிசம்பருக்குப் பிறகு அந்த நோட்டைப் புரட்டினால் மனசு உறுத்துகிறது.

அந்த மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.! என் அக்காவை ஏரலில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தாமிரபரணித் தண்ணீர் வீட்டுக்குள் இடுப்பளவு. கட்டில், பீரோ, பிள்ளைகள் புத்தகம் எல்லாம் போச்சு. நாலு நாள் கழித்து ஒரு குழுவினர் வந்து அரிசி, சேலை, போர்வை கொடுத்தார்களாம். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் நிறுத்தி, பையை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லி, "இங்க பாருங்கம்மா" என்று போட்டோ எடுத்திருக்கிறார்கள். தலைகூட வாராமல், கட்டின சேலையோடு நின்ற அக்காவின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. "வீடு முங்கினப்போகூட அழலடி. நாத்தனார் வீட்டுல இந்தப் படத்தைப் பார்த்துட்டுக் கேட்டாங்க பாரு, அப்பதான் அழுதேன்" என்றாள்.

அவள் சொன்னதும் எனக்குச் செண்பகத்தோப்பு ஞாபகம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பளியர் மக்கள் குடியிருக்கும் இடம். சில வருடங்களுக்கு முன் அங்கே பேச்சியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். நாத்தனார் மகன் மரத்திலிருந்த சாம்பல் நிற அணிலை செல்போனில் படம் எடுத்தான். (அந்த அணிலுக்காகத்தான் 1988ல் சரணாலயமே அமைத்தார்கள். 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கியாச்சு.) அப்படியே திரும்பி, பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த ஒரு பளியர் பெண்ணையும் எடுத்தான். அந்தம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "கையை எடுங்கக்கா, ஒரே ஒரு போட்டோ" என்றான். நாங்கள் சிரித்தோம். நானும்தான்! அணிலிடம் கேட்க முடியாது, சரி. அந்தம்மாவிடம் கேட்டிருக்கலாமே?

இது நம்ம ஊர் வழக்கம் மட்டுமில்லை. பச்சைக் கண்களோடு ஓர் ஆப்கானிஸ்தான் சிறுமியின் படம் 1985ல் அமெரிக்கப் பத்திரிகை அட்டையில் வந்து உலகப் புகழ் பெற்றதே, அந்தப் பெண்ணின் பெயர் சர்பத் குலா என்று 2002ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. தன் படத்தை அவள் பார்த்ததும் அப்போதுதான். அந்தமானில் ஜாரவா பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச் சொல்லி எடுத்த வீடியோ 2012ல் வெளிவந்து நாடே தலைகுனிந்தது.

"கேட்டால் படம் இயற்கையாக இருக்காது" என்கிறார் என் வீட்டுக்காரர். இருக்கட்டும், எடுத்த பிறகாவது காட்டி, வெளியிடலாமா என்று கேட்கலாமே. வெள்ளத்தைப் படம் பிடிக்கத்தான் வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு ரயில் நின்றதை நாம் எல்லோரும் அறிந்தது படங்களால்தான். ஆனால் நிவாரணம் வாங்குகிற பெண்ணின் முகம் எதற்கு? நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் அரிசி மூட்டையை எடுங்கள், லாரியை எடுங்கள், வாங்கியவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். போதாதா?

போன மாதம் நாத்தனார் மகனிடம் அந்தப் பளியர் பெண் படத்தை அழித்துவிடச் சொன்னேன். "அதை அப்பவே ஃபேஸ்புக்ல போட்டாச்சே அத்தை" என்கிறான். அங்கிருந்தும் எடு என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் எடுத்தபாடில்லை.

- ஒரு வாசகி, ராஜபாளையம்.