யாருக்குக் கணக்கு ஒப்புவிப்பது?

தருமத்தைக் கேள்வி கேட்கலாகாது என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. கொடுத்தவர் மனம் நல்லதாயிருந்தால் போதும். கொடுத்த பொருள் என்னவாயிற்று என்று துருவுவது பண்பன்று என்பர். வாசலில் வந்து நின்றவருக்கு ஒரு பிடி அரிசி இடுகையில் இது பொருந்தலாம். ஆனால், கோடிக்கணக்கான பணத்தைத் திரட்டிக் கடல் கடந்து செல்லும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கும் இதே சலுகையை வழங்குவது ஏழைக்கு இழைக்கும் அநீதி என்பதே என் வாதம்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஒரு ராட்டினத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். 'பிளேபம்ப்' என்பது அதன் பெயர். சிறுவர் ஏறிச் சுற்றும் ராட்டினத்தை ஆழ்துளைக் கிணற்றின்மேல் பொருத்திவிட்டால், அவர்கள் விளையாட விளையாட நீர் மேலேறி, உயரத்தில் நிற்கும் 2,500 லிட்டர் தொட்டியை நிரப்பும். தொட்டியின் நான்கு புறமும் பலகைகள். அவற்றில் இடம்பெறும் விளம்பரங்களின் வருவாயில் பராமரிப்புச் செலவு கழிந்துவிடும். கேட்டவுடன் உள்ளம் துள்ளுகிறதல்லவா? உலக வங்கிக்கும் துள்ளிற்று. 2000ஆம் ஆண்டில் பரிசளித்தது. 2006ஆம் ஆண்டு நியூயார்க்கில் கிளிண்டன் கூட்டிய மாநாட்டில், அன்றைய அமெரிக்க அதிபரின் துணைவியார் லாரா புஷ் மேடையேறி, அரசும் தனியார் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1 கோடியே 64 லட்சம் டாலர் தரும் என்று அறிவித்தார். 2010க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 ராட்டினங்கள், 1 கோடி மக்களுக்குக் குடிநீர் என்பது இலக்கு.

இனி ஐந்தாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய ஒரு கணக்கு. 1 கோடியை 4,000ஆல் வகுத்தால், ஒரு ராட்டினத்தை நம்பி 2,500 பேர். பேரிடர்க் காலத்திலும் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது தொண்டு நிறுவனங்களே தமக்குள் ஒப்புக்கொண்ட அளவு. ஆக, 37,500 லிட்டர். இடைவிடாது சுற்றினால் மணிக்கு 1,400 லிட்டர் இறைக்கும் என்பது செய்தவர்களின் கூற்று. வகுத்துப் பாருங்கள்: குழந்தைகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 27 மணி நேரம் விளையாடியாக வேண்டும்! 2009இல் இலண்டன் 'கார்டியன்' நாளேடு இதை எழுதும்வரை, மேடையிலிருந்த மேதைகளில் எவரும் பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மொசாம்பிக் நாட்டுச் சிற்றூர்களில் நிலைமை எப்படியிருந்தது? 2007இல் யுனிசெஃப் நிறுவனமும் 2008இல் சுவிட்சர்லாந்து வல்லுநர்களும் மதிப்பீடு செய்து எழுதிய அறிக்கைகள் நம்மிடம் உள்ளன. குழந்தைகள் பள்ளிக்குப் போயிருக்கும் வேளையில் ராட்டினத்தைச் சுற்றியவர்கள் பெண்கள். குனிந்து, நெஞ்சு நோக, இரும்புச் சட்டத்தைத் தள்ளித் தள்ளி நீர் இறைத்தார்கள். வயதான பெண்ணொருத்தி குழந்தைகளின் விளையாட்டுக் கருவியைச் சுற்றிக்கொண்டு நிற்பது ஊரார் கண்முன் அவளுக்கு எத்தகைய கூச்சத்தைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சில இடங்களில், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த பழைய அடிபம்பைக் கழற்றி எறிந்துவிட்டே இதைப் பொருத்தியிருந்தனர். ஊராரைக் கலந்து கேட்காத இடங்களும் உண்டு. விளம்பரம் செய்ய எந்த வணிகரும் அந்தக் குக்கிராமங்களைத் தேடி வரவில்லை. வாங்கும் சக்தியற்றவனிடம் யார் சோப்பு விற்க வருவார்? பழுதானால் வெளியிலிருந்து ஆள் வரவேண்டும். அதுவரை மாதக்கணக்கில் வறண்ட குழாய்தான். ஒரு ராட்டினத்தின் விலையோ ஏறத்தாழ 14,000 டாலர். சாதாரண அடிபம்பைப்போல் இது நான்கு மடங்கு என்று 'வாட்டர் எய்டு' சுட்டிக்காட்டியது.

இத்தனைக்கும் பாதை தெரியாத காலமன்று அது. நம் கோயம்புத்தூர் வட்டாரத்திலேயே 1980களில் அடிபம்புகளை ஊர் ஊராக நிறுவி, ஆண்டுக்கணக்கில் பழுதுகளைக் குறித்து வைத்து, கிராமத்தாரே பழுது பார்க்கக்கூடியதாக 'இந்தியா மார்க் 3' என்ற வடிவம் உருவாக்கப்பட்டது. கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் குழாய் முழுவதையும் உருவாமலே உள்ளிருக்கும் பிஸ்டனை வெளியே எடுக்க முடியும் என்பதே அதன் சிறப்பு. இதைப் படமெடுத்துக் காட்டி யாரையும் கண்ணீர் மல்கச் செய்ய முடியாதுதான்.

நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. தொண்டு நிறுவனம் தனக்குப் பணம் தருபவருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறது. தண்ணீர் குடிப்பவருக்கு அன்று. கடையில் வாங்கிய குடம் ஓட்டையானால் அதைத் திருப்பிக் கொடுத்துச் சண்டையிடலாம். தானமாய் வந்த குடத்தை எவரிடம் திருப்புவது? தந்தவரோ ஆயிரம் காதத்துக்கு அப்பால், சிரிக்கும் குழந்தைகளின் வண்ணப்படத்தைப் பார்த்து மனம் நிறைந்து அமர்ந்திருக்கிறார். அவர் கேட்கும் ஒரே கேள்வி, "நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு?" என்பது. இரண்டாண்டு கழித்து ஒருவரை அனுப்பி, 'பம்பு ஓடுகிறதா?' என்று பார்த்துவரச் செய்தால், அந்தப் பயணச் செலவும் 'நிர்வாகம்' என்ற தலைப்பில்தான் ஏறும். பார்க்காதவன் சிக்கனக்காரன் எனப் பெயரெடுக்கிறான், பார்த்தவன் ஊதாரியாகிறான்.

நேர்மையாகச் சோதித்துப் பார்த்தவர்களும் உளர். 1990களில் கென்யாவின் புசியா பகுதியில் ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம், சில பள்ளிகளுக்கு மட்டும் முதலில் இலவசப் பாடநூல் வழங்கி, வழங்காத பள்ளிகளோடு ஒப்பிட்டறிய ஆய்வாளர்களை அனுமதித்தது. சராசரி மாணவரின் மதிப்பெண் உயரவில்லை. முன்பே நன்றாகப் படித்தவர்களே பயனடைந்தனர். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. அவ்வாய்வில் பங்குகொண்ட மைக்கேல் கிரெமருக்குப் பின்னர், 2019இல், நொபேல் பரிசில் பங்கு கிடைத்தது. நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது, தன் தருமம் தோற்றதை உலகறியச் சொல்ல இசைந்த அந்த நிறுவனத்தின் துணிவை.

"குறைகளை அம்பலமாக்கினால் கொடுப்பவரும் கையை மடக்கிக்கொள்வாரே, உதவியை வெறுப்பவருக்கு ஆயுதம் தந்ததாகுமே" என்பர். அச்சம் நியாயமானது. ஆனால், மறைத்ததால் தப்பியது எது? 1961இல் தோன்றிய அமெரிக்க அரசின் பன்னாட்டு உதவி நிறுவனம் 2025இல் கலைக்கப்பட்டபோது, பயனுள்ள மருந்தும் பயனற்ற திட்டமும் ஒரே கோடரிக்கு இரையாயின. எது வேலை செய்கிறது என்ற கணக்கு எல்லார் கையிலும் முன்பே இருந்திருந்தால், வெட்டுபவனிடம் வாதாடவாவது வழியிருந்திருக்கும்.

நம் வீட்டையும் விலக்கி வைத்துப் பேசுவதற்கில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 நவம்பரில் காரித்தாஸ் அனைத்துலக அமைப்பின் தலைமைப் பொறுப்பாளர்களை நீக்கி, தற்காலிக நிர்வாகி ஒருவரை அமர்த்தினார். பணம் கையாடப்பட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. நிர்வாகக் குறைபாடுகளே காரணமாகக் கூறப்பட்டன. 'நாங்கள் திருடவில்லையே' என்ற பதில் போதாது என்பதை ரோமாபுரியே ஏற்றுக்கொண்டபின், பங்கு அளவிலும் மறைமாவட்ட அளவிலும் நாம் அதையே சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

ராட்டினத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பெரும்பணம் தந்த கேஸ் அறக்கட்டளையின் தலைவி ஜீன் கேஸ், 2010இல் தாம் எண்ணியது நிறைவேறவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். எத்தனை அறங்காவலர்கள் இவ்வாறு எழுதியிருக்கிறார்கள்? எஞ்சிய ராட்டினங்கள் 'வாட்டர் ஃபார் பீப்பிள்' என்ற வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் பலவகைப் பம்புகளோடு அதையும் ஒன்றாக வைத்து, எது வேண்டும் என்று கிராமத்தாரையே தெரிவு செய்யச் சொன்னார்கள்.