வெளிவாயிலைப் பார்க்காத காவல்

2020 மே மாதம் வாளையார், குமுளி சாவடிகளில் கேரளத்துக்குள் நுழைவோரிடமெல்லாம் இணைய அனுமதிச்சீட்டு கேட்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் எழுந்த ஸ்பிரிங்க்ளர் விவகாரத்தில், கோவிட் தரவு இந்தியாவிலுள்ள அமேசான் மேகத்தில்தான் இருக்கிறது என்பதே அரசுத் தரப்பின் சமாதானம். இருப்பிடம் எப்படிப் பாதுகாப்பாகும்? அம்மேகத்தில் புதிதாக உருவாக்கும் ஃபயர்வால் விதித்தொகுப்பு உள்வரவு அனைத்தையும் தடுக்கும்; வெளிச்செல்வது அனைத்தையும் விட்டுவிடும். போக்குவரத்துப் பதிவேட்டை யாரேனும் இயக்கினால்தான் உண்டு. இயக்கினாலும் அதில் முகவரியும் போர்ட்டும் பைட் அளவும்தான் தெரியும். போன சரக்கு தெரியாது. உரிய கடவுச்சொல்லோடு வருபவரை அந்த விதிகள் மறிக்கவும் மாட்டா. ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம், அடையாளம் நீக்கிய பின்னரே தரவை நிறுவனத்துக்குத் தரவேண்டும் என ஆணையிட்டது. சர்வர் எந்த நாட்டில் என்று வாதிட்டுக்கொண்டிருந்த கணினி அறிஞர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.