ஜீவனாம்சம் போதாது, பங்கு வேண்டும்

திருப்பூர், கரூர், சிவகாசி போன்ற ஊர்களில் சிறு தொழில்கள் பலவும் குடும்ப உழைப்பில் வளர்ந்தவை. கணவர் ஆர்டர் பிடிக்க அலைவார். மனைவி ஆட்களுக்குச் சமைப்பார், வாரச் சம்பளக் கணக்கு எழுதுவார், நகையை அடகு வைத்து இயந்திரம் வாங்கப் பணம் தருவார், வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போடுவார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் பிரிந்தால் அந்தத் தொழிலில் அவருக்கு என்ன கிடைக்கும்? ஏட்டில் பெயர் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. நீதிமன்றம் நிர்ணயிக்கும் ஜீவனாம்சத்தோடு சரி. போட்ட ஜாமீன் மட்டும் கடன் தீரும்வரை அவர் தலையில் இருக்கும். இது அநீதி.

இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களுக்கு மட்டுமே வழி சொல்கிறது. பின்னர் சேர்த்ததைப் பங்கிட அதில் இடமில்லை. கணவரின் சொத்தில் பங்கு தரும் திருத்த மசோதாவை 2013இல் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் நிறைவேறாமலே அது காலாவதியானது. சவூதியில் வேலை பார்த்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில், இங்கே குடும்பத்தைக் காத்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்குப் பொருந்தும் இந்த நியாயம் தொழிலுக்கும் பொருந்த வேண்டும். மனைவியின் நிறுவனத்தில் உழைத்த கணவருக்கும் இதே உரிமை வேண்டும்.

இந்தப் பங்கைத் தராமல் தப்பிக்க அறக்கட்டளைதான் பெரிய ஓட்டை. தனியார் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தால் சொத்து ஏட்டில் கணவருடையதல்ல. ஆனால் அறங்காவலர் அவரே, அல்லது அவர் தம்பி. பத்திரத்தில் விதி வைத்திருந்தால் பயனாளியை மாற்றும் அதிகாரமும் அவரிடமே. பிரிட்டனில் குடும்பத்துக்காக ஏற்படுத்திய இத்தகைய ஏற்பாடுகளை மணமுறிவின்போது மாற்றியமைக்கும் அதிகாரத்தை 1973ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்துக்குத் தருகிறது. நிறுவனங்களின் பெயரில் இருந்த 7 வீடுகள் உண்மையில் கணவருடையவையே என்று கண்டு, அவற்றை மனைவிக்கு மாற்றித்தர 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் குடும்பநல நீதிமன்றங்களுக்கும் அந்த அதிகாரம் தேவை. பொதுமக்களுக்கான தர்ம அறக்கட்டளைகளை மட்டும் தொடக்கூடாது. அவை ஊருக்குச் சொந்தம்.

தொழிலைப் பிரித்தால் தொழிலாளர் தெருவில் நிற்பார்கள் என்பது நியாயமான அச்சம். தறிகளை ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கச் சொல்லவில்லை. மாமனார் தந்த முதலையும் கேட்கவில்லை. திருமணத்துக்குப் பின் கூடிய மதிப்பை நீதிமன்றம் நியமிக்கும் மதிப்பீட்டாளர் கணக்கிடட்டும். மனைவியின் பங்கைத் தொழில் தாங்கும் தவணைகளில் கொடுக்கட்டும். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அதனுடன் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கையும் அறக்கட்டளைப் பத்திரத்தையும் இணைப்பது கட்டாயமாக வேண்டும். பிரியும் மனைவியின் ஜாமீனுக்கு மாற்று ஜாமீன் தரும் பொறுப்பு கணவருடையதாக வேண்டும்.

திருமணமும் மணமுறிவும் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் உள்ளவை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. மத்திய அரசு 2005இல்தான் அதைச் செய்தது. மனைவியின் பங்குக்காகவும் டெல்லியை எதிர்பார்த்துக் காத்திராமல், தமிழகச் சட்டமன்றமே மசோதா கொண்டுவர வேண்டும்.