நகத்தைத் தேய்ப்பதற்கு முன் ஒரு வார்த்தை



விடுமுறைக்கு வந்த பேத்தி, ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய பஃபர் கட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். "கையைக் குடு பாட்டி" என்று வாங்கி, பத்தே நிமிடத்தில் என் நகங்களைப் பாலிஷ் போட்டதுபோல மின்ன வைத்துவிட்டாள். அழகாகத்தான் இருந்தது. மறுநாளும் கட்டையோடு வந்தாள். வேண்டாம் கண்ணு என்றேன்.

ஏன் என்று உங்கள் பழைய அறிவியல் டீச்சராகவே சொல்கிறேன். பஃபர் நகத்தோடு எதையும் சேர்ப்பதில்லை. மேலே இருப்பதைத் தேய்த்து எடுக்கிறது, அதனால்தான் மினுமினுப்பு. டேனரியில் தோலை பஃபிங் செய்வதும் இதே கதைதான். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. தான் வளரும். தேய்ந்த நகம் முழுதாக மாற ஏறக்குறைய 6 மாதம் ஆகும். அதனால் மாதம் ஒரு தடவை போதும். மெல்லிய பக்கத்தால், ஒரே திசையில், நான்கைந்து இழுப்பு. சூடு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். மெலிந்த நகத்தையும் பிளந்த நகத்தையும் தொடவே வேண்டாம்.

நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தோலை வெட்டாதீர்கள். கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான். அதை வெட்டிவிட்டு நகச்சுற்று வந்து அவதிப்படுகிறவர்கள் உண்டு. இரவில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வயதானால் நீளவாக்கில் கோடு விழுவது இயல்பு, எனக்கும் இருக்கிறது. நகம் கரண்டிபோலக் குழிந்தால் மட்டும் இரத்தசோகையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி நம் ஊர் விஷயம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று நம்மில் பலர் வீட்டில் சோறு போட்டது தோல்தான். தோலில் இருக்கும் முடியைக் கரைக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ப்பார்கள். முடி, கெரட்டின் என்ற புரதம். நகமும் அதே கெரட்டின்தான். முடியைக் கரைக்கிற தண்ணீர் நகத்தை மட்டும் சும்மா விடுமா? ஆவாரம்பட்டை, கடுக்காய்க் கறை ஏறினால் சோப்புக்கும் போகாது.

பாடம் நடத்தத் தெரிந்த நானே ஒரு தவறு செய்தேன். பிரேயரில் நான் நகம் பார்ப்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் ஒரு பையனின் நகமெல்லாம் கறுத்திருந்தது. "குளிக்கிற பழக்கமே இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, ஸ்கேலால் ஒரு அடியும் போட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. சாயந்திரம் அவன் தங்கை வந்தாள். "அண்ணன் லீவு நாள்ல அப்பாகூட டேனரிக்குப் போவுது மிஸ். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சும் போவல" என்றாள்.

மறுநாளிலிருந்து நகத்தின் நீளத்தை மட்டும்தான் பார்த்தேன். ஆனால் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இதைப் படித்தால், தம்பி, இந்த டீச்சரை மன்னித்துவிடு.

உங்களில் சிலர் இன்று கம்பெனியில் சூப்பர்வைசர், மேனேஜர். கையுறை கிழிந்துவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். ஷூ கம்பெனியில் பசை தடவும் பெண் பிள்ளைகளே, கையுறையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். பஃபர் கட்டை இல்லாமல் நகம் பிழைத்துக்கொள்ளும். கையுறை இல்லாமல் பிழைக்காது.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்