மெல்ல மலர்வது யார்?

இப்போது நம் பள்ளிகளில் யாரையும் 'மக்கு' என்று எழுதி வைப்பதில்லை. 'மெல்ல மலரும் மாணவர்' என்கிறோம். மறுபக்கம் 'மீத்திறன் மாணவர்'. தமிழ் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு இந்தச் சொல் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களுக்கெல்லாம் பெயர் வைத்த மொழி இது. எல்லாப் பூவும் கடந்துபோகும் பருவங்கள் அவை. வகுப்பறையிலோ பருவமே நிரந்தர முகவரியாகிவிடுகிறது.

2022இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் பத்தியை நீட்டுவது கல்வியாகாது. நிலையறிந்து கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அரும்பில் உட்கார வைத்த பிள்ளையை எழுப்பி மொட்டுக்கு அனுப்புவதும் அதே ஆசிரியரின் வேலை. அது நடக்காத இடத்தில், பத்தாம் வகுப்பில் அவள் கைக்கு ஒரு மெல்லிய கையேடு வருகிறது. ஒரு மதிப்பெண் வினா, மனப்பாடச் செய்யுள், ஒரு கடிதம். பாஸானால் போதும். மெல்லக் கற்பவளுக்கு நாம் மெல்லக் கற்பிக்கவில்லை, குறைவாகக் கற்பிக்கிறோம். பிறகு அவளுக்குக் குறைவாகத்தான் தெரியும் என்று சான்றிதழும் தருகிறோம்.

ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதே சொல்லைத்தான் பயன்படுத்தியது. கலிஃபோர்னியப் பள்ளி ஒன்றில், இந்தக் குழந்தைகள் இந்த ஆண்டு மலரப் போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். உண்மையில் அது குலுக்கலில் எடுத்த ஐந்தில் ஒரு பங்குப் பெயர்கள். ஆண்டு முடிவில், முதலிரண்டு வகுப்புகளில் அந்தப் பெயர்கள் மற்றவர்களை முந்தியிருந்தன. அளவீடுகள் பற்றி இன்றும் சர்ச்சை உண்டு. ஆசிரியரின் நம்பிக்கையும் ஒரு பாடம்தான் என்பதை வகுப்பில் உட்கார்ந்த எந்தப் பெண்ணும் அறிவாள்.

2024 பிளஸ் டூ தேர்வில் மாணவியர் 96.44 சதவீதம், மாணவர் 92.37 சதவீதம் தேர்ச்சி. இருந்தும் ஆசிரியர் அறைப் பேச்சைக் கேளுங்கள். தோற்ற பையனுக்கு 'மூளை இருக்கு, விளையாட்டுப் புத்தி'. ஜெயித்த பெண்ணுக்கு 'உருப்போட்டு எழுதிடுவா'. அவன் தோல்வியிலும் அறிவு இருக்கிறது. அவள் வெற்றியில் வெறும் உழைப்பு.

சிட்லபாக்கம், செம்பாக்கம், பம்மல் பக்கமிருந்து என் வகுப்புக்குப் பெண்கள் வருகிறார்கள். "எனக்குப் படிப்பு வராது மேம், அதான் தமிழ் எடுத்தேன்" என்கிறார்கள். என் பாடமே கடைசி பெஞ்சாகிவிட்டது. இவர்களில் பலரின் அம்மாக்கள் ஏரியைச் சுற்றிய அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கோ, மெப்ஸில் ஷிப்டுக்கோ போகிறவர்கள். விடியலில் உலை வைத்து, தம்பியைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டுத்தான் மகள் பேருந்து ஏறுகிறாள். முதல் பீரியடில் அவளுக்கு வரும் கொட்டாவிக்கு நம் பதிவேட்டில் பெயர் 'மெல்ல'.

1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, மீதிநேரம் பெற்றோர் தொழில் என்றபோது தமிழ்நாடு குலக்கல்வி என்று கொதித்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே முடிவுகட்டும் அந்த மனம் மட்டும் ஏ செக்‌ஷன், டி செக்‌ஷன் என்று வகுப்பறைக்குள்ளேயே குடியிருக்கிறது.

நாளை ஆசிரியராகப் போகும் தோழிகளே, கணக்குக் கேளுங்கள். இந்த ஆண்டு எத்தனை பேர் கீழ்நிலையிலிருந்து மேலே போனார்கள்? கீழேயே நிற்பவர்கள் எந்தத் தெரு, எந்தச் சாதி, எத்தனை பெண்கள்? கையேட்டை மூடிவிட்டு முழுப் பாடப்புத்தகத்தையும் அவளுக்கு நடத்துங்கள். அவளுக்குப் படிப்பு வருமா வராதா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.