கத்தலா? பாட்டா?

ஆகஸ்டு 15-ந் தேதி காலையில் மண்ணூர்பேட்டை பக்கம் போனால் ஒரு பாட்டு காதில் விழாமல் இருக்காது. பள்ளிக்கூடம், ஆட்டோ ஸ்டாண்டு, அம்பத்தூர் தொழிற்பேட்டை கம்பெனி வாசல்... கொடி ஏறுகிற இடத்தில் ஏ.ஆர்.ரகுமானின் "வந்தே மாதரம்" வந்துவிடும்.

இந்தப் பாட்டையும் ஒரு காலத்தில் திட்டினார்கள் என்றால் இன்றைய இளவட்டங்கள் நம்புவார்களா?

1997. சுதந்திரப் பொன்விழா ஆண்டு. சினிமா பாட்டால் நாடறிந்த ரகுமான், சினிமாவே இல்லாமல் ஒரு ஆல்பம் போட்டார். நண்பர் பரத்பாலா துணை நின்றார். வெளியிட்டது சோனி கம்பெனி. மேல்நாட்டு பாப், ராக் பாணி. உச்சஸ்தாயியில் ரகுமானின் சொந்தக் குரல்!

உடனே கிளம்பியது குறை. இது பாட்டா, கத்தலா என்றார்கள். தேசியப் பாடலில் கை வைக்கலாமா என்றார்கள். தேசபக்தியை வெளிநாட்டுக் கம்பெனி கேசட் போட்டு விற்பதா என்றும் கேட்டார்கள்.

கடைசிக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. வியாபாரம் இல்லை என்று யார் சொன்னது? ஆனால் சினிமா கேசட்டை மட்டும் சும்மாவா கொடுத்தார்கள்?

"கை வைத்தார்" என்பதுதான் பொருந்தாத பேச்சு. பங்கிம் சந்திரர் "ஆனந்தமடம்" நாவலில் எழுதிய பாட்டு அது. 1896-ல் கல்கத்தா காங்கிரசில் தாகூர் பாடினார். 1952-ல் வந்த இந்திப் படத்துக்கு ஹேமந்த் குமார் வேறு மெட்டுப் போட்டார். நம்ம பாரதியாரே தமிழில் பெயர்த்தார். அவர்கள் செய்தால் சரி, ரகுமான் செய்தால் தப்பா? அதிலும் கொடியேற்றத்தில் ஒலிக்கிற பாட்டில் பங்கிமின் "வந்தே மாதரம்" என்ற கோஷம் மட்டும்தான் இருக்கிறது. மீதி வரிகள் இந்தியில் மெஹ்பூப் எழுதியது. "தாய் மண்ணே வணக்கம்" வைரமுத்து எழுதியது.

கத்தல் என்ற புகாருக்கு வருவோம். லேத்து ஓடுகிற பட்டறையில் முணுமுணுத்தால் யார் காதில் விழும்? விமர்சகர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். ஜனங்கள் தெருவில் நின்று கேட்டார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப் போச்சு!

இன்று தொழிற்பேட்டையில் பீகார், ஒடிசா தொழிலாளிகள் நிறைய. இந்திப் பாட்டுக்கு அவர்கள் வாய் அசைகிறது. தமிழுக்கு நம்ம ஆட்கள். "வந்தே மாதரம்" என்று வரும்போது இரண்டு பேரும் சேர்ந்துகொள்கிறார்கள். எந்த விமர்சகரும் இதை எதிர்பார்க்கவில்லை.

ஆனால் கேட்கிறவர்கள் மீதும் நமக்கு ஒரு குறை உண்டு. அதே ஆல்பத்தில் பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் பதே அலிகானோடு ரகுமான் சேர்ந்து பாடிய சமாதானப் பாட்டு இருக்கிறது. நுஸ்ரத் 1997 ஆகஸ்டு 16-ந் தேதி, பொன்விழா முடிந்த மறுநாள், லண்டனில் காலமானார். அந்தப் பாட்டை எந்த ஒலிபெருக்கியிலாவது கேட்டதுண்டா? ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதை எல்லாம் மறந்தாச்சு.

ரகுமானுக்கே இந்த கதி என்றால், மண்ணூர்பேட்டை மாடியில் கிட்டாரும் கீபோர்டும் வைத்துக்கொண்டு சொந்தமாக மெட்டுப் போடுகிற பையன் எங்கே போவான்? எப்.எம்.மில் பெரும்பாலும் சினிமா பாட்டு. கல்யாண மேடையிலும், கோயில் திருவிழாக் கச்சேரியிலும் சினிமா பாட்டு. படம் இல்லாத பாட்டுக்குப் பந்தலில் இடம் இல்லை.

ஆகஸ்டு 15 விழா நடத்தும் சங்கத்துக்காரர்கள் ஒன்று செய்யலாம். ரகுமான் பாட்டைத் தாராளமாகப் போடுங்கள். நுஸ்ரத் பாட்டையும் போடுங்கள். பிறகு அரை மணி நேரம் மைக்கை உங்கள் தெருப் பையன்களிடம் கொடுங்கள். அவர்கள் கத்தினாலும் பரவாயில்லை.